அடிக்கட்டையும் மனித முதுகும்

ஒரு கருவியை நல்லது என்றோ தீயது என்றோ கூறுவது பொருந்துமா? கத்தி காயையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். ஆதலால் குற்றம் கையினதேயன்றிக் கத்தியினதன்று என்று கூறி இவ்வினாவைப் பலர் எளிதில் முடித்துவிடுவர். அவ்விடை பிழையானதன்று, ஆயின் போதாதது. எந்தக் கருவி எந்த நாட்டில் பிறக்கிறது, எந்த மலையில் ஏறுகிறது, எந்த மலையின் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது என்பனவற்றை அது கேட்பதேயில்லை. ஒரு கருவி ஓரிடத்தில் இருப்பதைப் போலவே, இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாதிருந்ததும் அச்சமுதாயத்தின் ஒழுக்கத்தை நமக்குக் காட்டக்கூடும். பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நாளும் கண்டுவரும் நாம், இவ்வுண்மையை மிகச் சாதாரணமான ஒரு பொருளைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையும், அதனைப் பிடுங்குவதற்கு மனிதன் கண்ட பொறியுமே அப்பொருள்.

காடு வெட்டியோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. மரத்தை வீழ்த்துவது வேலையின் பாதிகூட ஆகாது. கோடாரிக்கு விழுந்த மரம் விறகாகும், பலகையாகும், நெருப்புக்கு இரையாகும். நிலத்தினுள் நிற்கும் அடிக்கட்டையோ எதற்கும் இணங்குவதில்லை. சுற்றிலும் மண்ணை வெட்டி, பக்கவேர்களை ஒவ்வொன்றாகத் தறித்து, அடியிலே அலவாங்கைக் கொடுத்து நெம்பி, நாலுபேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாலும் ஆணிவேர் அசைய மறுக்கும். நிலம் உழவுக்கு வருமுன் மனித முதுகு அங்கே ஒருமுறை உழப்பட்டுவிடுகிறது.

இத்துன்பத்துக்கு மாற்றாகவே கட்டை பிடுங்கும் பொறி தோன்றியது. அதன் தத்துவம் நம் வகுப்பறையில் நெம்புகோல், சில்லு, கப்பி என்று கற்பிக்கும் பாடங்களுக்கு அப்பாற்பட்டதன்று. உருளையொன்றிலே கம்பிக்கயிறு சுற்றப்படுகிறது. நீண்ட கைபிடியை முன்னும் பின்னும் ஆட்ட, பற்சில்லு ஒவ்வொரு பல்லாக நகர்ந்து கயிற்றை இழுக்கிறது. கயிறு பின்னோக்கி நழுவாதபடி ஒரு கொளுவி தடுக்கிறது. இழுக்கும் விசை பன்மடங்காகிறது. அதற்கு விலையாகக் கை நெடுநேரம் ஆடவேண்டியிருக்கிறது. பொறி தன் இடத்தைவிட்டு அசையாதிருக்கும்பொருட்டு அதனை வேறொரு வலிய மரத்திலோ அடிக்கட்டையிலோ கட்டுவார்கள். அதாவது, ஒரு கட்டையைப் பிடுங்குவதற்கு இன்னும் பிடுங்கப்படாத இன்னொரு கட்டையின் பலமே துணையாகிறது. அமெரிக்காவில், செக்கு மாடு போலக் குதிரை சுற்றிவந்து இழுக்கும் பெரிய பொறிகள் 19ஆம் நூற்றாண்டில் பரவின. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் திரெவெல்லா சகோதரர்கள் செய்த கைப்பொறி, ஓரிருவர் நின்று இயக்கத்தக்கதாய்ப் பல நாடுகளுக்கும் சென்றது.

இப்பொறிக்கான தேவை எத்துணைப் பெரிதாக இருந்தது என்பதற்குத் தென் அவுஸ்திரேலியாவின் வரலாறு சான்று. அங்கே 'மல்லி' எனப்படும் குறுமரக் காடுகளை வெட்டி எரித்த உழவர்கள், நிலத்தடியிற் கிடந்த கட்டைகளால் கலப்பைகள் முறிவதைக் கண்டு தவித்தனர். யோர்க் தீபகற்பத்தில் ரிச்சர்ட் போயர் ஸ்மித் என்பவர் 1876இல் ஒரு புதுக்கலப்பையைச் செய்தார். கொழு தனியே கீலில் பொருத்தப்பட்டிருந்தமையால், கட்டையில் மோதியதும் மேலெழுந்து தாண்டிச்சென்று மீண்டும் மண்ணில் இறங்கிற்று. பிடுங்க முடியாததைத் தாண்டிச் செல்லும் உபாயம் அது. 1878இல் அம்மாநில அரசாங்கம், கட்டை பிடுங்கும் திறமையான பொறியைக் கண்டுபிடிப்போருக்கு 200 பவுண் பரிசளிப்பதாக அறிவித்தது. பல பொறிகள் பரிசோதிக்கப்பட்டன. அரசாங்கம் எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் வெற்றி பெறவில்லை.

ஓர் அரசாங்கம் அடிக்கட்டைக்காகப் பரிசு அறிவித்தது ஏன்? அங்கே கட்டையோடு போராடியவனும் நிலத்துக்கு உரிமை கோரியவனும் ஒருவனே. வலித்தது அவன் முதுகு, விளைச்சலும் அவனுடையது. கூலிக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிருந்தது. தன் முதுகைத் தானே சுமக்கும் மனிதன் அதனைக் காக்கும் கருவியைத் தேடுகிறான். அவனுக்கு வாக்குரிமை இருக்குமாயின் அரசாங்கமும் அவனோடு சேர்ந்து தேடுகிறது. ஆயினும் அக்காட்சியை முழுநீதியின் காட்சியாக நாம் எண்ணிவிடலாகாது. யோர்க் தீபகற்பம் நரங்கா எனும் ஆதிக்குடிகளின் மண். வேரைப் பிடுங்கும் வித்தையைத் தேடிய அதே சமுதாயம், மண்ணின் மக்களை முன்னரே பிடுங்கி எறிந்திருந்தது.

இனி நம் ஊவாவுக்கு வருவோம். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸை மக்கள் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது; ஊர்களும் வயல்களும் அழிக்கப்பட்டன. பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே என்று அது கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த கிராமத்தவனிடம் உறுதி இல்லை. முடியிடமோ சட்டம் இருந்தது. இவ்வாறு 'சுத்தமாக்கப்பட்ட' காட்டு நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. காட்டை வெட்டும் வேலைக்கு அயற்கிராமங்களின் சிங்கள விவசாயிகளே பெரும்பாலும் அமர்த்தப்பட்டனர். சரிவின் கீழிருந்து மேலாக மரங்களைப் பாதி வெட்டி நிறுத்துவார்கள். உச்சியிலுள்ளவற்றை முழுதும் வெட்டிச் சாய்க்க, அவை கீழுள்ளவற்றின்மேல் விழுந்து மலை முழுதும் ஒரே முழக்கத்தோடு சரியும். பின்னர் தீ மூட்டப்படும். அடிக்கட்டைகள் கரிந்தபடியே நின்றன. அவற்றின் இடையிடையே குழி தோண்டிக் கோப்பிக் கன்றுகளை நட்டார்கள்.

கட்டை பிடுங்கும் பொறியைத் துரைமார் தேடவில்லை. தேடவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. கட்டைகளினூடே வளைந்து நெளிந்து கொந்துவதற்கும், சுமப்பதற்கும், பறிப்பதற்கும் தென்னிந்தியாவிலிருந்து மனிதர்கள் நடத்திக் கொண்டுவரப்பட்டனர். தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்து வந்ததாக நம் லயங்களில் இன்றும் ஒரு பேச்சு வழங்குகிறது. தூரைக் கிண்டியவர் கண்டது வேரும் கல்லும் அட்டையுமே. அப்பேச்சில் உள்ள கசப்பான நகைச்சுவையை நாம் வெறும் கதையென்று ஒதுக்கிவிடலாகாது. ஏமாற்றப்பட்ட ஒரு சமுதாயம் தன் பொருளாதார வரலாற்றை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்த முறை அது.

மலைகளுக்கு இயந்திரம் கொண்டுவருவது அக்காலத்தில் இயலாத காரியம் என்று சிலர் கூறக்கூடும். இக்கூற்று நில்லாது. பதுளைக்கு இரயில் வந்தது 1924இல். அதற்கு வெகுகாலம் முன்னரே ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கிவிட்டன. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள டம்பேத்தன்னைத் தொழிற்சாலையை லிப்டன் 1890இல் கட்டினார். கொழுந்தை உருட்டும் பொறிகளும் உலர்த்தும் பொறிகளும் இங்கிலாந்திலும் பெல்பாஸ்டிலும் வார்க்கப்பட்டுக் கடல் கடந்து வந்தன. பாதை சென்ற மட்டும் மாட்டு வண்டியிலே மலையேறின. ஆகவே இரும்புக்கு மலையேறத் தெரியாமற் போகவில்லை. கொழுந்து பழுதாகிவிடக்கூடாது என்பதற்காக ஏறிய இரும்பு, முதுகு பழுதாகிவிடக்கூடாது என்பதற்காக ஏறவில்லை. கொழுந்து பழுதானால் துரைக்கு நட்டம். முதுகு பழுதானால் அடுத்த நாட் பிரட்டுக்கு வேறொரு முதுகு வந்து நிற்கும்.

இதனை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கூற வரவில்லை. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற்பாகத்திலே கார்ல் மார்க்ஸ் இதனையொத்த ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டுகிறார். அமெரிக்கர் கல்லுடைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தனர். இங்கிலாந்து அதனைப் பயன்படுத்தவில்லை. கல்லுடைப்பவனுக்குக் கொடுக்கும் கூலி அத்துணை அற்பமாயிருந்தமையால், இயந்திரம் முதலாளிக்குச் செலவையே கூட்டும் என்பது அவர் கூறும் காரணம். இயந்திரம் வந்து மனிதனை வெளியே தள்ளுகிறது என்று நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். மலிவாக்கப்பட்ட மனிதன் இயந்திரத்தை வெளியே தள்ளிவைக்கிறான் என்பதும் அதே அளவுக்கு உண்மை. முன்னையது அநீதியென்றால் பின்னையதும் அநீதியே. பின்னையதில் ஓசை எழுவதில்லை. ஆதலால் அது நம் கண்ணுக்கு எளிதிற் படுவதில்லை.

மண்ணில் விட்ட கட்டை, மறந்துவிட்டால் மறைந்துவிடுவதுமில்லை. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் நமது மடுல்சீமைப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பிச் செய்கை பெரும்பாலும் மடிந்தது. அந்த மலைகளிலே தேயிலை ஏறியது. தேயிலைக்கோ வேறொரு பகை நிலத்தடியிற் காத்திருந்தது. பழைய காட்டு மரங்களின் கட்டைகளிலும், பின்னர் நிழலுக்காக வளர்த்து வெட்டிய மரங்களின் கட்டைகளிலும் தங்கிய பங்கசுகள் வேர்வழியே பரவித் தேயிலைச் செடிகளை வட்டம் வட்டமாகக் கொன்றன. தோமஸ் பெச் என்ற அறிஞர் 1923இல் வெளியிட்ட தேயிலை நோய்கள் பற்றிய நூலில் இவ்வேர்நோய்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முதலாண்டில் மிச்சப்படுத்திய உழைப்புக்கு அடுத்த தலைமுறை வட்டியோடு கடன் கட்டவேண்டியதாயிற்று.

கட்டியவர் யாவர்? முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும் காலம் வந்தபோது, மண்வெட்டியும் அலவாங்கும் ஏந்தி மலையில் இறங்கியவர்கள் தோட்டத் தொழிலாளரே. சில இடங்களிற் கைப்பொறியும் வந்தது. பேருக்கும் கொந்தரப்புக்கும் வேலை செய்து, பாட்டன் நட்ட செடியின் தூரைப் பேரன் பிடுங்கினான். பிடுங்கிய நிலத்தில் உடனே கன்று நடுவதில்லை. குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை மண்ணைத் தேறவிட வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை. நல்ல அறிவுரை அது. களைத்த மண் தேறவேண்டும் என்பதை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டுவிட்டது. களைத்த மனிதனுக்கும் அவ்வாறே ஓய்வுண்டு என்று எந்த ஏடு எழுதிற்று?

இவ்விடத்தில் நம் மாணவர்கள் எழுப்பும் தடையொன்றை எதிர்கொள்ள வேண்டும். பொறி வந்தால் அப்பாவின் வேலை போய்விடாதா என்று அவர்கள் கேட்கிறார்கள். பெக்கோ என்று நாம் அழைக்கும் மண்ணகழ் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் பிடுங்குவதைப் பிடுங்குவதற்கு ஆட்கள் பலருக்கு நாட்கள் பல வேண்டும். அவர்களுடைய அச்சம் அறியாமையன்று. சமையலறைப் பானையிலிருந்து பிறக்கும் அச்சம் அது. 1811 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் நெசவாளர்கள் இயந்திரங்களை உடைத்தபோதும் அவர்களை ஆட்டியது இதே அச்சமே. ஆயினும் அவ்வச்சத்துக்கு இரங்கி, முதுகு முறியும் வேலை நிலைக்கட்டும் என்று நாம் தீர்ப்புக் கூறிவிடலாமா? ஒரு மனிதனின் பிழைப்பு அவனுடைய வேதனையோடு பிணைக்கப்பட்டிருக்குமாயின், அறுக்கப்பட வேண்டியது அப்பிணைப்பு. வேதனையைக் காப்பாற்றிப் பிழைப்பைக் காப்பாற்ற முனைவது அடிமைச் சங்கிலியைக் கூலிச் சீட்டாகக் கருதுவதற்கு ஒப்பாகும்.

அப்பிணைப்பை அறுப்பது எப்படி? பொறி மட்டும் வந்தால் போதாது என்பதற்குக் கல்லோயாவே பாடம். அந்த ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து கீழ்க்கரையிற் கடலோடு கலக்கிறது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டியது. பாரிய இயந்திரங்கள் காட்டை வேரோடு பெயர்த்தன. ஆரம்பத்திற் குடியேறிய குடும்பங்களுக்கு நாலு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. பொதுப்பணம் பொறியை வாங்கியது. பொறி கட்டையைப் பிடுங்கியது. நிலமற்ற விவசாயி நிலம் பெற்றான். இது வரவேற்கத்தக்கதன்றோ? ஆம், வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே ஆற்றின் தலைமாட்டு மலைகளிலே, கையாற் காட்டைத் திருத்தியவர்களின் பிள்ளைகளை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியிருந்தது. அவர்களுக்கு அந்நிலத்தின் கதவு திறக்கவில்லை. மறுபுறம், வேடர் சமுதாயத்தின் வேட்டை நிலங்கள் நீர்த்தேக்கத்தில் மூழ்கின. 1956இல் அப்பள்ளத்தாக்கிலே தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. ஆற்றின் நீர் ஒன்றே; அதன் தலைமாட்டில் இருந்தோருக்கும் கால்மாட்டில் இருந்தோருக்கும் நீதி ஒன்றாக இருக்கவில்லை. கட்டைகளைப் பெயர்த்த அவ்வலிய இயந்திரங்களால், மனிதரைச் சாதியென்றும் இனமென்றும் பிரித்துவைத்த வேரில் ஓர் இழையைக்கூட அசைக்க முடியவில்லை.

இன்னொரு தடையும் உண்டு; அது மலை எழுப்பும் தடை. சமநிலத்தில் அடிக்கட்டை உழவனின் பகை. செங்குத்தான சரிவிலோ வேர் மண்ணைப் பற்றி நிற்கும் கையுமாகும். அளவறியாது பெயர்த்தால் மாரி மழையில் மண் ஓடையாகி இறங்கும். ஆதலால் எந்தச் சரிவை விட்டுவைப்பது, எங்கே புல் வளர்ப்பது, எங்கே கான் வெட்டுவது என்ற தீர்ப்புகள் பொறியின் வலிமைக்கு அப்பாற்பட்டவை. மலையை நாளும் மிதிப்பவனின் அறிவு அத்தீர்ப்பில் இடம்பெற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டவுடன் பெயர்ந்து செல்லச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டுமல்லவா? நிலத்தின்மேல் உரிமையில்லாதவனுக்கு நிலத்தைப் பற்றிய அறிவும் காப்பாவதில்லை.

தமிழிலக்கியம் கற்ற நமக்குக் கரிகாலன் நினைவுக்கு வருகிறான். காட்டை அழித்து நாடாக்கியவன், குளம் வெட்டி வளம் பெருக்கியவன் என்று பட்டினப்பாலை அவனைப் போற்றுகிறது. அப்பாட்டைச் சுவையோடு கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் அக்காட்டின் கட்டைகளை அரசனா பிடுங்கினான் என்று ஒரு மாணவன் கேட்பானாயின் அவ்வினாவுக்கு இலக்கண விளக்கம் போதாது. காடு திருத்திய வினைக்கு எழுவாயாக அரசன் நின்றான். பின்னர் துரை நின்றான். பின்னர் கம்பனி நின்றது. பிடுங்கிய கைகள் வாக்கியத்துக்கு வெளியே நின்றன. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. எழுவாய் பலமுறை மாறியது. இருப்பினும் இன்றும் மலையகத்தில் ஏராளமான குடும்பங்கள் தமக்கு உறுதியில்லாத லயக் காம்பராக்களிலேயே வாழ்கின்றன.

ஆகவே பொறியொன்று நம் மலைக்கு வரும்போது அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கும்படி நம் மாணவரைப் பழக்குவோம். நீ இயங்கும்போது இளைப்பாறுபவர் யார்? நீ திருத்தும் நிலம் யாருக்கு உரியதாகும்? நீ பெயர்ப்பதை இந்தச் சரிவு தாங்குமா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், அலவாங்கை மகிழ்ச்சியோடு மூலையிற் சாத்திவைக்கலாம். முதுகு நிமிர்வது எவருக்கும் பாவமன்று. விடை கிடைக்காதவிடத்துப் பொறியை உடைப்பதாற் பயனில்லை. விடை தரவேண்டியவர் அதனை இயக்குவோரும் அதன் இலாபத்தை எண்ணுவோருமே. அவர்களிடம் கூட்டாகக் கேட்க வேண்டும். சங்கத்திலும் கேட்க வேண்டும், வாக்குச் சாவடியிலும் கேட்க வேண்டும், வகுப்பறையிலும் கேட்க வேண்டும்.

கைப்பொறி தன் பலத்துக்கு அசையாத ஒரு கட்டையைத் தேடி அதிலே தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று மேலே கண்டோம். தொழிலாளியின் கோரிக்கைக்கும் அத்தகைய பிடிப்பு ஒன்று தேவை. இரு நூறாண்டுக் காலத்தில் மலையைத் திருத்திய உழைப்பே அப்பிடிப்பு. நிலம் இழந்த சிங்கள விவசாயியும் நிலமே காணாத தமிழ்த் தொழிலாளியும் அம்மலையிலே தம் வியர்வையைச் சிந்தியவர்கள். இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கும் நாளில், சட்டமாகவும் வழக்கமாகவும் மண்ணுள் இறங்கியிருக்கும் அந்தப் பழைய ஆணிவேர் அசையத்தான் வேண்டும்.